ரொட்டியில் இரண்டு கோடு சோஸ்

தக்காளி சோஸ் ஊற்றிச் சாப்பிட முடியாத பண்டம் ஒன்று ஊவா மாகாணத்தில் இருந்தது என்றால், அது எங்கள் டீமேக்கர் ஐயாவின் கண்ணில் படாமல் தப்பித்துக்கொண்டது என்றுதான் அர்த்தம். சோறு தப்பவில்லை. பருப்பு தப்பவில்லை. புட்டு, பாண், நெத்தலிக் கருவாடு, எருமைத் தயிர் எதுவும் தப்பவில்லை. ஒரு தைப்பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் கொஞ்சம் அசந்து நின்றது. அதற்கும் அதே கதி. வாழைப்பழம் மட்டும், தோலோடு பிறந்த புண்ணியத்தால், சில வினாடிகள் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும்.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். அடையாள அட்டை வைத்திருந்தாரே. ஆனால் நமுனுகுல மலைச்சரிவில் இருந்த அந்தத் தோட்டத்தில் அவரை நேரில் ‘டீமேக்கரையா’ என்றும், அவர் தலை திருப்பத்தில் மறைந்ததும் ‘சோஸ் ஐயா’ என்றும் சொல்வார்கள். டீமேக்கர் என்றால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறவர் என்று மலைநாட்டுக்கு வெளியே இருக்கும் வாசகர்கள் நினைத்துவிடக்கூடாது. தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரிக்கு அவர்தான் தலை. கொழுந்தை எத்தனை மணி நேரம் வாட்டுவது, எப்போது அரைப்பது, எவ்வளவு சூட்டில் காயவைப்பது எல்லாம் அவர் சொல்வதுதான். கடைசியில் அன்றன்றைய தூளைக் கோப்பையில் ஊற்றி, உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்பி, நல்லது கெட்டது சொல்வதும் அவர்தான். சுருக்கமாக, நாக்கை வைத்துப் பிழைக்கிறவர். நானும் அப்போது நாக்கை வைத்துத்தான் பிழைத்தேன், வாத்தியார் வேலை. என் நாக்கை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்பது பிள்ளைகளின் கெட்ட காலம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. தோட்டங்கள் கம்பனிகளின் கைக்கு மாறிய புதுசு. கொஸ்லந்தவிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு விஞ்ஞான ஆசிரியராக நான் அங்கே போய் இறங்கினேன். உயர்தரப் பரீட்சையில் இரண்டு பாடங்கள் கடவுள் அருளாலும், மூன்றாவது பாடம் யாரோ ஒருவரின் கைத்தவறாலும் சித்தியடைந்திருந்தன. தங்க இடமில்லை. டீமேக்கர் ஐயாவின் குவாட்டர்ஸில் ஓர் அறை காலியாக இருந்தது. இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்துவிட்டு அவரும் அம்மாவும் மட்டும் இருந்தார்கள். அவர் மனைவியை நான் அம்மா என்றுதான் கூப்பிட்டேன்.

முதல் நாள் பகல் சாப்பாடு. சோறு, பருப்பு, போஞ்சிக் கறி, அப்பளம். நான் கையை வைப்பதற்குள் ஐயா போத்தலைத் தலைகீழாக்கி அதன் பின்புறத்தில் ஒரு தட்டுத் தட்டினார். என் தட்டு சிவந்தது. புது இடம், பெரிய மனிதர், நான் வளர்ந்த விதம், எல்லாம் சேர்ந்து என்னை ஒரு வார்த்தை சொல்லவைத்தன: “நல்லா இருக்குங்க ஐயா.”

வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் இவ்வளவு காலம் தண்டனை வாங்கித் தந்த பொய் வேறொன்று இல்லை. ஏழு மாதம்.

தன் தொழிலை அவர் சாப்பாட்டு மேசைக்கும் கொண்டுவந்துவிடுவார். போத்தலைத் திறக்குமுன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்ப்பார். மூடியை மோந்து பார்ப்பார். பிறகு ஒரு கரண்டி எடுத்து, ஃபெக்டரியில் தேத்தண்ணியை உறிஞ்சுவது போலவே, ‘விர்ர்ர்’ என்று உறிஞ்சுவார். பதுளை பஸாரில் ஒரு பலசரக்குக் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். புதிதாக ஒரு வகை சோஸ் வந்திருந்தது. வாங்குமுன் திறந்து காட்டச் சொன்னார். கடைக்காரருக்கு அவர் பழைய வாடிக்கை, திறந்தார். ஐயா ஒரு கரண்டி உறிஞ்சி, கண்ணை மூடி, இரண்டு கன்னத்துக்கும் மாற்றி மாற்றி அனுப்பி, பழக்கதோஷத்தில் பக்கவாட்டில் துப்பினார். பக்கவாட்டில் கடைக்காரர் இடுப்பில் கட்டியிருந்த வெள்ளைச் சாரம் இருந்தது.

கடைக்காரர் கொஞ்ச நேரம் சாரத்தைப் பார்த்தார். பிறகு மரியாதை குறையாமல் சொன்னார்: “ஐயா, இது சோஸுங்க. இத முழுங்கலாம்.”

இன்னொரு தடவை வெலிமடைப் பக்கம் தக்காளி மலிந்துபோய், விவசாயிகள் ரோட்டோரத்தில் கொட்டிவிட்டுப் போன காலம். ஐயா நாலு பெட்டி நிறைய லொறியில் ஏற்றி வந்தார். வீட்டிலேயே சோஸ் செய்வதாகத் திட்டம். அம்மா அடுப்பு மூட்டப் போனார். ஐயா தடுத்தார். பச்சையாக எதையும் காய்ச்சக்கூடாதாம். முதலில் வாட்ட வேண்டுமாம். தக்காளி முழுவதும் ஃபெக்டரியின் மேல்மாடிக்குப் போய், கொழுந்து வாட்டும் நீளத் தட்டில் ஓர் ஓரமாகப் பரவியது. விசிறிகள் சுழன்றன. மறுநாள் தக்காளி ஓய்வூதியம் வாங்கும் வயதில் வீட்டுக்குத் திரும்பி வந்தது. அந்த வாரத்துத் தூளில் ஒரு பழ மணம் இருப்பதாகக் கொழும்பிலிருந்து பாராட்டு வந்ததாக அவர் சொன்னார். சாட்சி இல்லை.

காய்ச்சியதைச் சலித்து, தேயிலைக்குச் செய்வது போலவே தரம் பிரித்து, தேயிலைத் தரங்களின் பெயரையே வைத்தார். வழவழவென்று முதலில் இறங்கியது பி.ஓ.பி. அதற்கடுத்தது ஒரு படி கீழே. தோலும் விதையுமாகக் கடைசியில் கிடந்தது டஸ்ட். பி.ஓ.பி. போத்தல்கள் பதுளைக்கும் பண்டாரவளைக்கும் பெரிய மனிதர்களுக்குப் போயின. எனக்கு டஸ்ட். நான் முகம் சுளித்தேன் போலிருக்கிறது.

“என்னாங்க மாஸ்டர்,” என்றார். “இந்த மலையில கொழுந்து எடுக்கிற சனம் என்னா தேத்தண்ணி குடிக்குது? டஸ்ட்தானே. நல்லது எல்லாம் கப்பல்ல போவுது. நம்ம தோட்டத்துக்குன்னு ஒரு மொற இருக்குல்ல.”

அரசியல் மேடைகளில் இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. டஸ்ட்டைச் சாப்பிட்டேன்.

இதில் எனக்கு விளங்காத விஷயம் ஒன்றுதான். அம்மாவின் கைப்பக்குவம் அபாரம். கருணைக்கிழங்கைக்கூடக் கண்ணீர் விட்டுச் சாப்பிடவைக்கிற சமையல். அப்படிப்பட்ட சமையலின் மேல் ஒரு மனிதன் தினம் மூன்று வேளையும் சோஸைக் கொட்டுகிறான். எந்தப் பெண்ணும் மன்னிக்காத குற்றம் இது. என்னைப் பெற்ற அம்மாவாக இருந்தால் போத்தல் எங்கே போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இவரோ ஒரு சொல் சொல்வதில்லை. போத்தல் காலியானால், ஐயா கேட்குமுன் புதுப் போத்தலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பார்.

நான் விஞ்ஞான ஆசிரியர். அவதானிப்பு, அனுமானம், முடிவு என்று கரும்பலகையில் எழுதிப்போடுகிறவன். ஏழு மாதம் ஒரே மேசையில் அவதானித்தேன். என் முடிவு: ஐயாவுக்குச் சோஸ் பிடிக்கும்.

உண்மையை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த மனிதருக்கு நாக்கில் ருசியும் கிடையாது, மூக்கில் மணமும் கிடையாது. நான் அங்கே போவதற்கு முந்தைய வருஷம் நெருப்புக் காய்ச்சல் கண்டு பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். காய்ச்சல் போகும்போது இரண்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மிச்சமிருந்தது, தூரத்துக் கோயில் மணி மாதிரி, கொஞ்சம் புளிப்பு மட்டும். சோஸில் அது கேட்டது. வேறெதிலும் ஒன்றும் கேட்கவில்லை.

தேயிலைக்கு ருசி சொல்ல வேண்டிய ஆளுக்கு ருசி தெரியாது என்று கம்பனிக்குத் தெரிந்தால் மறுநாள் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் குவாட்டர்ஸ் இல்லை. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. சொந்தமாக ஒரு கூரை போட்டுக்கொள்ள அந்த இரண்டு வருஷம் வேண்டும். கட்டிக்கொடுத்த பெண்களின் வீட்டு வாசலில் போய் நிற்க இரண்டு பேருக்கும் மனமில்லை.

இது எனக்குத் தெரியவந்தது என் தர்ம சிந்தனையால். தர்மம் செய்யும் எண்ணம் எனக்கு அபூர்வமாகத்தான் வரும்; வந்தால் யாராவது பாதிக்கப்படுவார்கள்.

ஐயா விடியற்காலையிலேயே ஃபெக்டரிக்குப் போய்விடுவார். காய்ந்து இறங்கும் முதல் தூளில் ஒரு சிட்டிகை, சின்னத் தகரத்தில் வீட்டுக்கு வரும். அம்மா கொதிதண்ணீர் வைப்பார். கொஞ்ச நேரத்தில் ஐயாவின் காலைச் சாப்பாட்டுக் கெரியர் தயாராகும். பள்ளிக்கூடம் போகும் வழியில் ஃபெக்டரி என்பதால், அதைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் பொறுப்பு. உள்ளே எப்போதும் இரண்டு மாவு ரொட்டி. சில நாள் சோஸ் இல்லாமல் வெறும் ரொட்டி. சில நாள் மேல் ரொட்டியில் ஒரு கோடு சோஸ். சில நாள் இரண்டு கோடு. அம்மாவின் கைக்கு வந்தபடி என்று நினைத்திருந்தேன்.

அன்று, காலையில் வேலைக்கு ஆட்கள் கூடிப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில் கெரியரைத் திறந்து பார்த்தேன். பசியில்லை, வெறும் துருதுருப்பு. மேல் ரொட்டியில் தடிதடியாக இரண்டு கோடு. எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. ஐம்பத்தெட்டு வயது மனிதர். ஒரு நாளாவது மனிதன் சாப்பிடுகிற மாதிரி ஒரு ரொட்டி சாப்பிடட்டுமே என்று பட்டது. ஓர் இலையைப் பறித்துச் சோஸைச் சுத்தமாக வழித்தேன். என் பகல் சாப்பாட்டுப் பொதியிலிருந்த, மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டைச் சம்பலில் பாதியை வைத்து மூடினேன். அன்று முழுவதும் பிள்ளைகளிடம்கூட அன்பாக இருந்தேன்.

சாயந்தரம் வீட்டுக்கு வந்தால், இரண்டு பேரும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் காலிக் கெரியர்.

“மாஸ்டர், ரொட்டியத் தொட்டீங்களா?”

தொட்டேன் என்றேன். ஏன் தொட்டேன் என்பதையும், பாராட்டை எதிர்பார்த்து, விளக்கினேன்.

ஐயா கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “சோஸ் இல்லேன்னா தூள் சரின்னு அர்த்தம். ஒரு கோடுன்னா பச்ச வாடை. ரெண்டு கோடுன்னா கருகிருச்சு. இன்னிக்கி ரெண்டு கோடு. நீங்க வழிச்சிட்டீங்க. நான் ரொட்டிய நம்பி, சக்கையக்கூடப் பாக்காம சரின்னு சொல்லி மூட்ட கட்டி லொறி ஏத்திட்டேன்.”

மேலே சொன்ன காய்ச்சல் கதை முழுவதையும் அப்போதுதான் கேட்டேன். அந்தத் தோட்டத்துத் தேயிலையை ஒன்றரை வருஷமாக ருசி பார்த்து வந்தது அம்மாவின் நாக்கு. வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பினால் நாலு காது கேட்கும். சீட்டு எழுதினால் யாராவது படிப்பார்கள். சோஸ் தடவிய ரொட்டியை யாரும் தொடமாட்டார்கள் என்பது அவர்களின் கணிப்பு. சரியான கணிப்புதான். என்னைப் போல ஒருவன் அந்த வீட்டில் குடியேறுவான் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. அதோடு, நல்ல தூள் இறங்கிய நாளில் ஐயாவுக்கு வெறும் ரொட்டிதான்; அன்று அவருக்குக் காலைச் சாப்பாடு மண்ணைத் தின்பது போல இருக்குமாம். மகிழ்ச்சியும் பட்டினியும் ஒரே கெரியரில் வரும்.

மூன்று வாரம் கழித்துக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. கருகின தூள் வந்திருக்கிறது. டீமேக்கரின் ருசி சரியாக இருக்கிறதா என்று நேரில் பார்க்க ஓர் அதிகாரி வருகிறார். அவர் தொழிலே தேயிலை ருசி பார்ப்பது. வியாழக்கிழமை வருவார்.

குற்றம் என்னுடையது. பரிகாரமாக, என் நாக்கைத் தருவதாகச் சொன்னேன். வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உதவியாளாக நின்று, ருசி பார்த்து, ஜாடை காட்டலாம் என்பது திட்டம். அம்மா நாலு கோப்பை ஊற்றி வரிசையாக வைத்தார். நான் ஐயா மாதிரியே விர்ரென்று உறிஞ்சினேன். மூக்குக்குள் போய் இருமினேன். நாலையும் முடித்துவிட்டு, நாலும் ஒரே தேத்தண்ணிதான், நன்றாகத்தான் இருக்கிறது என்றேன்.

அம்மா கோப்பைகளை எடுத்துக்கொண்டே சொன்னார்: “கடைசியா குடிச்சது கொத்தமல்லித் தண்ணி தம்பி.”

பிறகு யாரும் என் நாக்கைப் பற்றிப் பேசவில்லை. ஐயா அம்மாவைப் பார்த்தார். ருசி பார்க்கும் அறைக்குள் ஒரு பொம்பளையைக் கூட்டிக்கொண்டு போக ஒரு காரணமும் கிடைக்கவில்லை. புதன்கிழமை சாயந்தரம் அவர் அலுமாரியைத் திறந்து, சாமான்களை எப்படிக் கட்டலாம் என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார். அம்மா அவரைச் சட்டை செய்யவில்லை. கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார். இன்னோர் அடுப்பில் பி.ஓ.பி. சோஸ் ஒரு போத்தல் முழுவதும் மறுபடி கொதித்தது. அதில் இஞ்சி, வினாகிரி, கொஞ்சம் சீனி, பிறகு இடித்த கொச்சிக்காய் விழுந்துகொண்டே இருந்தது. எவ்வளவு என்று நான் எண்ணவில்லை. மிளகாய் நெடியில் அடுப்பங்கரைக்குள் நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

“விருந்தாளி வர்றாரு,” என்றார் அம்மா. “வெறுங்கையோட அனுப்ப முடியுமா?”

அதிகாரி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மெல்லிய, மடிப்புக் கலையாத மனிதர். கழுத்துப்பட்டியின் முடிச்சுகூட யோசித்துப் போட்டது போல இருந்தது. தோட்டத்துத் துரை கைகுலுக்கிவிட்டு வேறு வேலையாகப் போய்விட்டார். ருசி பார்க்கும் அறையில் வெள்ளைக் கோப்பைகள் ஆறு. ஆறிலும் அதிகாரி கொழும்பிலிருந்தே கொண்டுவந்த தூள். அதில் எது கருகியது, எது பச்சை வாடை என்பது அவர் சட்டைப்பையில் இருந்த குறிப்புப் புத்தகத்துக்கு மட்டுமே தெரியும். எனக்குக் கிடைத்த பதவி, துப்பும் பாத்திரத்தைச் சக்கரத்தோடு தள்ளிக்கொண்டு போவது. படித்த படிப்புக்கு ஏற்ற வேலைதான்.

கொதிதண்ணீர் ஊற்றி, ஊற விட்டிருந்த நேரத்தில் அம்மா கட்லட் தட்டோடு வாசலுக்கு வந்தார். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சோஸ்.

அதிகாரி எழுந்து கும்பிட்டார். “மன்னிக்க வேணும் அம்மா. ருசி பாக்கிறதுக்கு முந்தி நான் ஒண்டும் சாப்பிடுறதில்லை.”

“பெரிய சாப்பாடு ஒண்ணும் இல்லீங்க,” என்றார் அம்மா. “ஒண்ணே ஒண்ணு. எங்க வாசலுக்கு வந்தவங்க வெறும் வயித்தோட திரும்பினா எங்களுக்கு ஆகாதுங்க.”

படித்தவர்கள் எல்லாவற்றுக்கும் மறுப்புச் சொல்லப் பழகியிருப்பார்கள். இதற்கு மட்டும் பழகியிருக்கமாட்டார்கள். ஒரு கட்லட்டை எடுத்து, மரியாதைக்கு நுனியில் சோஸைத் தொட்டு வாயில் வைத்தார். முகம் ஒரு கணம் அப்படியே நின்றது. கிண்ணத்தைக் குனிந்து பார்த்தார். இன்னொரு தடவை தொட்டார், இந்தத் தடவை நுனியில் இல்லை.

“இதென்ன சோஸ்? கடைச் சாமானோ?”

“வீட்டுல செஞ்சதுங்க. இன்னொண்ணு வைங்க.”

மொத்தம் நாலு கட்லட். அந்தச் சோஸின் குணம் அப்படி. வாயில் வைத்ததும் இனிக்கும், பிறகு புளிக்கும், இன்னும் கொஞ்சம் கேட்கும். தொண்டையைத் தாண்டிய பிறகுதான் தன் சுயரூபத்தைக் காட்டும். நாலாவது கட்லட் முடியும்போது அதிகாரியின் காது இரண்டும் தக்காளியாகிவிட்டன. கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார், மூக்கைத் துடைத்தார், கழுத்துப்பட்டி முடிச்சைத் தளர்த்தினார். அம்மா வெற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு, தலைப்பைச் சரிசெய்தபடி போய்விட்டார்.

“நீங்களே முதல்ல பாருங்கோ,” என்றார் அதிகாரி, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு.

ஐயா கரண்டியை எடுத்தார். அந்த மனிதரின் கம்பீரத்தை நான் அன்றுதான் பார்த்தேன். ஒவ்வொரு கோப்பையிலும் விர்ரென்று உறிஞ்சினார், சுழற்றினார், நான் தள்ளிய பாத்திரத்தில் குறி தவறாமல் துப்பினார். பதுளை பஸாரில் தவறிய குறி இங்கே தவறவில்லை. ஆனால் அவர் கண் கோப்பையில் இல்லை. ஒவ்வொரு கோப்பைக்குப் பின்னாலும், தேத்தண்ணி வடித்த குவளையின் மூடியில் ஊறிக் கிடந்த சக்கையைப் பார்த்தது. விரலால் இலையை மெல்ல நசுக்கினார். முப்பது வருஷம் இலையோடு வாழ்ந்த கை அது. நாக்கு போனாலும் கையும் கண்ணும் போகவில்லை.

“மூணாவது கருகினது,” என்றார். ஒரு தயக்கமும் இல்லை.

பச்சை வாடை எது என்பதற்கு நேரம் எடுத்தது. வெளியே மூடுபனி இறங்கி ஜன்னல் வெளிச்சம் மங்கியிருந்தது. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் அவர் கை ஒரு கணம் நின்றதை நான் பார்த்தேன். துப்பும் பாத்திரத்தின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன். எனக்குத் தெரிந்த தெய்வங்களையெல்லாம் ஊர் வாரியாகக் கூப்பிட்டேன்.

“அஞ்சாவது பச்ச.”

அதிகாரி குறிப்புப் புத்தகத்தைப் பிரித்தார். மூன்றில் தலையாட்டினார். அடுத்த வரியில் அவர் புருவம் சுருங்கியது. பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது. அங்கே ஆறு என்று எழுதியிருந்தது.

அவர் கரண்டியை எடுத்து ஐந்தாவது கோப்பையை உறிஞ்சினார். கண்ணில் தண்ணீர் வந்தது. ஆறாவதை உறிஞ்சினார். இன்னும் வந்தது. கொதிக்கும் தேத்தண்ணி, கொச்சிக்காய் ஏறிய நாக்கில் என்ன செய்யும் என்று சமைத்துப் பழகியவர்களுக்குத் தெரியும். மறுபடி ஐந்து, மறுபடி ஆறு. ஐயா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவசரம் ஒன்றும் இல்லை என்பது போல மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மலை பனிக்குள் இருந்தது. பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.

அதிகாரி வெகுநேரம் யோசித்தார். பிறகு பேனாவை எடுத்து, தன் புத்தகத்தில் இருந்த ஆறை அழகாக வெட்டி, ஐந்து என்று திருத்தினார்.

“பிழை என்ர பக்கம்தான்,” என்றார். “உங்கட நாக்கு இந்தக் கம்பனிக்கு ஒரு சொத்து.”

கருகின தூளைப் பற்றி, காயவைக்கும் மெஷினை ஒருமுறை பார்க்கச் சொல்லிவிட்டு, போகும்போது ஒரு போத்தல் சோஸும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

வண்டி வளைவில் மறைந்ததும் அம்மா ருசி பார்க்கும் அறைக்குள் வந்தார். புத்தகத்தில் ஆறு ஐந்தானது வரை எல்லாவற்றையும் சொன்னேன். ஆறிப்போன ஆறு கோப்பையிலும் ஒவ்வொரு சின்ன மடக்குக் குடித்தார். விர்ரென்ற சத்தம் இல்லை, துப்பவும் இல்லை.

“மூணு சரி. பச்ச வாடை ஆறுதான், அவரு எழுதினதுதான் சரி,” என்றார். “ரெண்டாவதுலயும் புளிப்பு கொஞ்சம் கூடிக் கெடக்கு. அது ஒருத்தருக்கும் தெரியல.”

நான், சோஸில் அவ்வளவு கொச்சிக்காய் போட்டது விருந்தோம்பலில் சேருமா என்று கேட்டேன்.

“இவருக்கு நாக்கு இல்ல,” என்றார் அம்மா, கோப்பைகளைக் கழுவிக்கொண்டே. “வந்தவருக்கும் இல்லாமப் பண்ணிட்டா ரெண்டு பேரும் சமந்தானே தம்பி. அப்புறம் யாருக்கு வேல தெரியும்னு பாத்துக்கலாம்.”

ஐயா பக்கத்தில் வந்து நின்றார். ஈரக் கோப்பைகளை ஒவ்வொன்றாக வாங்கித் துடைத்து வைத்தார். அவர் கோப்பை துடைத்ததை அந்த ஃபெக்டரியில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

இரண்டு வருஷமும் முழுசாக முடிந்தது. மரியாதையோடு ஓய்வு பெற்று, பெரகல சந்திக்குக் கொஞ்சம் மேலே ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு போனார்கள். நானும் மாற்றம் வாங்கிக் கொஸ்லந்தப் பக்கம் வந்துவிட்டேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். சாப்பிடும் நேரம் பார்த்துத்தான் போனேன், அதை மறைப்பானேன்.

மேசையில் சோஸ் போத்தல் இல்லை. ஐயாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்துவிட்டதாம், டொக்டர் நிறுத்திவிட்டார். எனக்குத் துக்கமாகிவிட்டது. அந்தத் தூரத்து மணியும் நின்றுபோனால் மனிதர் எதைச் சாப்பிடுவார்? ஆனால் ஐயா சோற்றைப் பிசைந்துகொண்டே, கத்தரிக்காய் இன்று பிரமாதம் என்றார். பூசணிக்காயில் உப்பு ஒரு கல் கூடிவிட்டது என்றார். நான் பூசணிக்காயை எடுத்துப் பார்த்தேன். அம்மா தலையைச் சாய்த்து, ஆமாம், கூடித்தான் போச்சு என்றார்.

ரசம் எடுக்க அம்மா உள்ளே போனதும் குனிந்து கேட்டேன்: “ஐயா, ருசி திரும்பிருச்சா?”

“எங்க திரும்பறது,” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. “அவ மொத வாய் வைக்கிறப்ப மொகத்தப் பாருங்க மாஸ்டர். எல்லாம் அதுலயே இருக்கு. அவளுக்கு முந்தி நான் கைய வைக்கிறதில்ல.”

அம்மா ரசத்தோடு வந்தார். மூன்று பேருக்கும் ஊற்றிவிட்டு உட்கார்ந்து, தன் பங்கில் ஒரு வாய் எடுத்தார். நான் என் தட்டைப் பார்க்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்தேன். இடது புருவம் நூலளவு இறங்கியது. உப்புப் போட மறந்திருக்கிறார். எனக்கே தெரிந்தது என்றால் ஐயாவுக்குத் தெரியாமல் இருக்காது.

ஐயா ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கிண்ணத்தை மறுபடி நீட்டினார். “ரசம்னா இதுதான் ரசம்,” என்றார்.

நானும் என் கிண்ணத்தை நீட்டினேன்.